விளக்குத்தூண் கடையும் மாதச் சம்பளமும்

பதினோரு வருஷம் அப்பாவோடு மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது இரண்டு வருஷமாக ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். எது தேவலை என்று மச்சான் கேட்டார்.

பணம் என்றால் சம்பளம்தான். முதல் தேதி வந்துவிடும். கடையில் சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் கல்லா நிறையும். மற்ற மாதங்களில் சேலை அனுப்பும் சின்னாளப்பட்டிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கிதான் மிஞ்சும். 2005-ல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சரி. ஆனால் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலைக்கும் அச்சடித்ததற்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று விளக்கியே தொண்டை வறண்டுவிடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு, ஷட்டரை இறக்கிவிட்டும் பில்லோடு மல்லுக்கட்டு.

வீட்டுக்கும் வேலைதான் நல்லது, ஞாயிறு லீவு. ஆனால் கடையில் இருந்தபோது மகள் பள்ளி விட்டதும் நேரே வந்து, சேலைக் கட்டுகளுக்கு நடுவே குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பா பருத்திப்பால் வாங்கி ஆற்றிக் கொடுப்பார். இப்போது நான் வீடு திரும்புவதற்குள் டியூஷனுக்குப் போய்விடுகிறாள். இதற்கெல்லாம் சம்பளத்தில் படி கிடையாது.

வேலையே தேவலை என்றுதான் மச்சானிடம் சொன்னேன். சித்திரைக்கு மட்டும் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கடையில் நிற்க.