குழந்தைக்கு கார் சீட் வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க, 14,500 ரூபா போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கல. கோயம்புத்தூர்ல குழந்தைங்க சாமான் மட்டும் விக்கிற ஒரு பெரிய கடை, பேர் போடல. எட்டு மாச பொண்ணுக்கு அங்க கார் சீட் வாங்கினோம், 14,500 ரூபா. கடைப் பையன் வெயில்ல வெளிய வந்து அவனே கார்ல முட்டி போட்டு சீட்ட காரோட சேத்து பூட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கிய மாட்டி, டக்குனு சத்தம் வந்ததும் "ஆட்டிப் பாருங்கக்கா, அசையாது, எங்க அண்ணன் குழந்தைக்கும் இதேதான்"னான். சீட் இல்லாம போனா 1,000 ரூபா ஃபைன்னு 2019 சட்டத்த வேற எடுத்துச் சொன்னான். அண்ணன் குழந்தைக்கும்னு சொன்னதுமே வீட்டுக்காரர் ஜிபே பண்ணிட்டாரு.

பாப்பா பால் கக்கிட்டான்னு துவைக்க கவர கழட்டினா, துணி மட்டும்தாங்க புதுசு! இடுக்கெல்லாம் காஞ்ச பிஸ்கட் தூள், பெல்ட் நுழையுற ஓட்டைகிட்ட பிளாஸ்டிக் வெளுத்துப் போய் ஒரு கோடு, பலமா இழுபட்டா வருமே அந்த மாதிரி. பாதுகாப்புத் தரத்துக்கான ஆரஞ்சு ஸ்டிக்கர சுரண்டி எடுத்திருக்காங்க, பசை மட்டும் பிசுபிசுன்னு இருக்கு. அடியில வார்ப்புலயே இருக்குற தேதி வட்டத்த சுரண்ட முடியல போல, நடுவுல 16. அதாவது 2016ல செஞ்சது. எந்த ஆக்சிடென்ட்ல அடிபட்ட சீட்டோ, அதுல என் புள்ளைய உக்கார வெச்சிருக்கேன்.

போன் பண்ணா "அது டிஸ்ப்ளே பீஸ்க்கா"ங்குறான், அப்புறம் ஓனர் திருப்பூர் போயிருக்காருங்குறான், நேர்ல போனா ஓனர் மூஞ்சிய கூட நிமிந்து பாக்காம "கவர கழட்டிட்டீங்கல்ல, ரிட்டர்ன் கெடையாதும்மா"ங்குறாரு. பில்லுனு குடுத்தது எஸ்டிமேட் பேப்பர், "பேபி ஐட்டம் 14,500" அவ்ளோதான், ஜிஎஸ்டி நம்பரே இல்ல. 14,500 ரூபாங்க, எங்களுக்கு அது சின்ன காசு இல்ல.

எப்படி பாத்து வாங்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்போ முடியல, இத மட்டும் பாருங்க. கடையிலயே கவர தூக்கிப் பாருங்க. வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் இ எழுத்தும் நம்பரும் போட்ட ஆரஞ்சு ஸ்டிக்கர் இருக்கணும், அதுல கார் சீட் பாதுகாப்பு விதி நம்பர் ஆர்44/04 இல்லேன்னா ஆர்129னு இருக்கும். தேதி பாருங்க. அந்தப் பையன் முன்னாடி பாத்து மாட்டிக் குடுத்தான், அதுவே தப்பு, ஆர்129படி 15 மாசம் வரைக்கும் பின்னாடி பாத்துதான் உக்காரணும், பச்சப்புள்ள கழுத்து தாங்காது. ஜிஎஸ்டி பில் இல்லாம காசு குடுக்காதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915ல கம்ப்ளெயின்ட் போட்டுருக்கேன், இன்னும் பதில் வரல.