வரிக்குதிரை நத்தை: கண்ணாடி பளிச், எள்ளு இலவசம்

போன ஆடியில் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் ஒன்று 60 ரூபாய் என்று மூன்று நத்தை வாங்கினேன். பலகையில் ‘ஜீப்ரா நெரைட்’ என்று எழுதியிருந்தார்கள். மஞ்சள் ஓட்டில் கறுப்பு வரி, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு.

என் இரண்டடி மீன் தொட்டி ஜன்னலோரம் இருக்கிறது. கண்ணாடியில் படியும் பச்சைப் புள்ளிப் பாசி பிளேடு வைத்துச் சுரண்டினாலும் லேசில் போகாது. இரண்டே வாரத்தில் மூன்றும் அதை வழித்துவிட்டன. செடியில் வாய் வைக்கவில்லை. இதுவரை நான் ஊற்றிய பாசி மருந்துகளுக்கெல்லாம் இது மேல். (செம்பு கலந்த மீன் மருந்தை மட்டும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், நத்தை செத்துவிடும்.)

“இது குட்டி போட்டுப் பெருகாதுண்ணே” என்றார் கடைக்காரர். பொய்யில்லை. ஆனால் முட்டை போடும் என்று சொல்லவில்லை. மரத்துண்டு, கல், ஃபில்டர் குழாய், எங்கும் வெள்ளைப் பொட்டு. “என்னடா, எள்ளு தெளிச்ச மாதிரி இருக்கு?” என்றார் அம்மா. நகத்தால் கீறினாலும் வராது. பொரிந்தாலும் குஞ்சு பிழைக்காது. இதன் சொந்த இடம் கழிமுகம், ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உவர்நீர். பொரிந்த குஞ்சு நீரோட்டத்தோடு மிதந்து போய் உப்பில் வளர வேண்டும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் அதற்கு வழியில்லை. அதனால் கடைக்கு வருபவை பெரும்பாலும் ஆற்றிலோ கழிமுகத்திலோ பிடித்தவைதான். எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான்.

வரி போட்ட இந்த வகைகளில் ஒன்றுக்கு 1836இல் வைத்த பெயர் கோரமண்டேலியானா. நம் சோழமண்டலக் கரையின் பெயரேதான். தாய்லாந்துச் சரக்கு என்று நினைத்திருந்தேன்!

எங்கள் போர் தண்ணீர் குக்கரில் வெள்ளை படிய வைக்கும். அந்தச் சுண்ணாம்பு ஓட்டுக்கு நல்லது. ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றினால் ஓடு அரிக்கும்.

தொட்டிக்கு மூடி கட்டாயம். ஒரு நாள் காலையில் ஒன்றைக் காணோம். கடல் ஓதம் வற்றினால் வேரிலும் கல்லிலும் ஒட்டிக்கிடக்கிற பிராணி, தண்ணீரைவிட்டு மேலே ஏறுவது அதற்குப் பழக்கம். மறுநாள் பீரோவுக்குப் பின்னால், ஓட்டின் வாயை அடைக்கும் மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். தண்ணீரில் நிமிர்த்தி வைத்தேன், குப்புறக் கவிழ்ந்தால் பாவம், தானாகத் திரும்பச் சிரமப்படும். அரை மணி நேரம் அசைவே இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடியில் பாதி ஏறியிருந்தது.