சபை வரலாறு இணையப் பாடம்: முன்பாதிக்காகவே சேரலாம்

ஓர் இறையியல் கல்லூரி இணையத்தில் நடத்தும் சபை வரலாற்றுச் சான்றிதழ்ப் பாடத்தை முடித்திருக்கிறேன். கோட்பாடுகள் எப்படி உருவாயின, பிஷப், மூப்பர், டீக்கன் என்ற ஊழியங்கள் எப்படி வந்தன, சபை எப்படி ஒரு நிறுவனமானது என்பதுதான் பாடத்தின் பொருள். குறைகளையும் எழுதப் போவதால் கல்லூரியின் பெயரை விட்டுவிடுகிறேன். இதே மாதிரிப் பாடங்களைப் பல கல்லூரிகள் நடத்துகின்றன, எதில் சேர யோசிப்பவருக்கும் இது உதவலாம்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் சபைக் கமிட்டிக்கு மினிட்ஸ் எழுதுகிறேன். மினிட்ஸ் எழுதியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். இரவு வரை இழுத்த சண்டை, புத்தகத்தில் ஏறும்போது 'விவாதித்துத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஒரே வரியாகிவிடும். யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார், யார் கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை என்பதெல்லாம் அதில் இருக்காது. பிஷப்புகள் கூடி முடிவெடுத்த பழைய சங்கங்களின் தீர்மானங்களை அந்த வரிக்குப் பின்னால் போய் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார் இந்தப் பாடத்தின் ஆசிரியர். பாடத்தின் பெரிய பலம் அதுதான். ஆனால் பாதியிலேயே அதை விட்டுவிடுகிறார்.

முதல் வகுப்பு வரவேற்பு, ஜெபம், பாடத்திட்ட அறிமுகம். தாண்டிவிடலாம். இரண்டாவதில் புதிய ஏற்பாட்டுக் காலம் வருகிறது. அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே விதவைகளுக்கான அன்றாட விசாரணையில் எழுந்த முறுமுறுப்பால்தான். பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தில் கண்காணிகளும் (பிஷப்) உதவிக்காரரும் (டீக்கன்) வருகிறார்கள், மூப்பர் வரவில்லை. தீத்து முதல் அதிகாரத்தில் மூப்பரும் கண்காணியும் ஒரே ஆள் போலத் தெரிகிறது. அப்புறம் ஆதிச் சபையின் போதனைக் கையேடான டிடாக்கே. ஊர் ஊராகப் போகும் தீர்க்கதரிசி மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளன், பணம் கேட்டாலும் கள்ளன் என்கிறது. அதே நூல் பின்னால், உங்களுக்கென்று கண்காணிகளையும் உதவிக்காரரையும் தெரிந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறது. வந்து போகிறவரிடமிருந்து பொறுப்பு உள்ளூரில் இருப்பவர் கைக்கு மாறும் கட்டத்தை ஒரே கையேட்டில் பார்க்க முடிகிறது. கி.பி. 110 வாக்கில் அந்தியோக்கியா இக்னாசியு ஒரு பிஷப், அவரைச் சுற்றி மூப்பர்கள், டீக்கன்கள் என்று அழுத்தி அழுத்தி எழுதுகிறார். இவ்வளவு அழுத்துகிறார் என்றால் எல்லா ஊரிலும் அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்ததா என்று கேட்டுவிட்டு, ரோமாபுரிச் சபைக்கு அவர் எழுதிய கடிதத்தில் அங்கே ஒரு பிஷப் இருப்பதாகவே குறிப்பில்லை என்பதை ஆசிரியர் எடுத்துக் காட்டுகிறார். பிஷப் முறைதான் ஆதி முறை என்பவருக்கும், மூப்பர் முறைதான் என்பவருக்கும் இந்த வகுப்பு சௌகரியமாக இருக்காது.

நிசேயா சங்கம் பற்றிய வகுப்புக்காக மட்டுமே இந்தப் பாடத்தில் சேரலாம். 325ஆம் ஆண்டு என்றதும், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவும் விசுவாசப் பிரமாணமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்தச் சங்கம் 20 விதிகளையும் போட்டது. ஆசிரியர் பிரமாணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விதிகளில் தொடங்குகிறார். 15ஆம் விதி, பிஷப்போ மூப்பரோ டீக்கனோ ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு மாறக்கூடாது என்கிறது. 17ஆம் விதி, வட்டிக்குக் கொடுக்கும் குருக்களைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்கிறது. 18ஆம் விதி, டீக்கன்கள் மூப்பர்களுக்கு நற்கருணை கொடுப்பதையும் அவர்களோடு சமமாக உட்காருவதையும் தடுக்கிறது. யாரும் செய்யாததை யாரும் தடை செய்ய மாட்டார்கள். ஆக, பெரிய நகரத்துச் சபைக்கு மாற்றல் வாங்கப் பாடுபட்ட பிஷப்புகள், கடன் கொடுத்து வட்டி வாங்கிய குருக்கள், பிஷப்புக்கு நெருக்கமாக இருந்து மூப்பர்களை மிஞ்சிய டீக்கன்கள் எல்லாம் 325இலேயே இருந்திருக்கிறார்கள். எனக்குக் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அந்த 15ஆம் விதி யாரைக் கடித்தது என்பதையும் விடாமல் சொல்கிறார். 381இல் கான்ஸ்தாந்தினோபிளில் கூடிய சங்கத்துக்குத் தலைமை வகித்த நசியான்சு கிரகோரி, முன்பே வேறோர் ஊருக்குப் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டவர். எதிரிகள் விதியைத் தூக்கிப் பிடித்தார்கள், அவர் பதவியை விட்டுவிட்டுப் போனார். திரித்துவக் கோட்பாட்டைச் செதுக்கியவர்களில் ஒருவரை ஒரு நிர்வாக விதி வெளியே அனுப்பியது!

கோட்பாடு வளரும் விதத்துக்கு அவர் எடுத்த சிறந்த உதாரணம் பரிசுத்த ஆவியானவர் பற்றியது. நிசேயாப் பிரமாணம் 'பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்' என்பதோடு நின்றுவிடுகிறது. 370களில் செசரியா பிஷப் பேசில் ஆராதனையில் 'குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும்' பிதாவுக்கு மகிமை என்று சொன்னபோது, 'குமாரன் மூலமாக, ஆவியில்' என்றல்லவா சொல்ல வேண்டும் என்று சண்டை எழுந்தது. ஞானஸ்நானத்தில் மூவரையும் சேர்த்துத்தானே சொல்கிறோம், துதியில் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும் என்பது பேசிலின் வாதம். 381இன் பிரமாணத்தில், பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழப்பட்டு மகிமைப்படுத்தப்படுகிறவர் என்ற வரி ஏறியது. வாய் ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டிருந்ததைப் பிரமாணம் பிறகு எழுதிக்கொண்டது. பிள்ளைப் பருவத்திலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த வரிக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருப்பது எனக்குப் புதிது.

துன்புறுத்தலுக்குப் பிந்தைய கணக்குத் தீர்ப்பு பற்றிய வகுப்பும் அருமை. 250இல் ரோமப் பேரரசர் தேசியுவின் ஆணைப்படி ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்தியவர்களுக்கு அரசாங்கம் சான்றிதழ் கொடுத்தது. பயந்து பலியிட்டவர்கள், பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் எல்லோரும் பிறகு சபைக்குத் திரும்பி வந்து நின்றார்கள். சிறையில் வதைபட்டுப் பிழைத்தவர்கள் அவர்களுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மன்னிக்கும் அதிகாரம் பாடுபட்டவனுக்கா, பதவியில் இருப்பவனுக்கா என்பதே கேள்வி. பதவியின் பக்கம் தராசு சாய்ந்தது. பிஷப்பின் அதிகாரம் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் இந்தச் சண்டைக்கு எவ்வளவு பங்கு உண்டென்று இதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதே சமயத்தில், 251இல், ரோமாபுரி பிஷப் கொர்நேலியு எழுதிய ஒரு கடிதம் ஏறக்குறைய சம்பளப் பட்டியல் போலவே இருக்கிறது. 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள், 7 துணை டீக்கன்கள், 42 பீடத் துணைவர்கள், பேய் ஓட்டுவோரும் வாசகரும் வாயில்காப்போருமாக 52 பேர், சபை பராமரித்த விதவைகளும் ஏழைகளும் 1,500க்கு மேல். கணக்கு எழுதியவன் கண்ணுக்கு ஒரு பக்கம் வேதாந்தத்தைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது. அப்போஸ்தலரின் ஏழு பேரை மீறக்கூடாது என்று டீக்கன் எண்ணிக்கையை ஏழிலேயே நிறுத்திவிட்டு, வேலை பெருகியதும் 'துணை' என்று ஒரு படியைக் கீழே சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அலுவலகத்தில் நான் பார்க்காத தந்திரமா இது!

451 கால்சிதோன் வகுப்பில் பாதிதான் நன்றாக இருக்கிறது. கிறிஸ்துவுக்குத் தெய்வம், மனிதம் என்று 'இரண்டு சுபாவங்கள்' என்ற வரையறையை விளக்கியவர், அதை ஏற்காத கோப்து, சிரிய, அர்மேனியச் சபைகளைப் 'பிரிந்து போனவர்கள்' என்று ஒரு வாக்கியத்தில் அனுப்பிவிட்டார். அவர்கள் எங்கேயும் போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறார்கள். 1973இல் கோப்து போப் மூன்றாம் ஷெனூதாவும் ரோமப் போப் ஆறாம் பவுலும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுச் சண்டையில் எவ்வளவு விசுவாசம், எவ்வளவு சொற்கள் என்று விவாதிக்க அருமையான இடம். கை நழுவிவிட்டது.

இதற்குப் பிறகு பாடம் ஓடத் தொடங்குகிறது. இடைக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) பற்றிய பகுதி மட்டும் நிற்கிறது. பெரும் பாவத்துக்கு வாழ்நாளில் ஒரே முறை, ஊரறியத் தவம் என்றிருந்ததை, அயர்லாந்துத் துறவிகளின் வழக்கம் தனியாக, திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதாக மாற்றியது. 1215இன் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை என்று அதையே எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. சீர்திருத்தக் காலத்தில் லூத்தரின் வாழ்க்கைக் கதை நீளமாக வருகிறது, அது யாருக்குத் தெரியாது? 1541இல் ஜெனீவாவில் கால்வின் வகுத்த போதகர், ஆசிரியர், மூப்பர், டீக்கன் என்ற நான்கு ஊழியங்களுக்கு ஒரு ஸ்லைடு. குருக்களை முறையாகப் பயிற்றுவிக்கக் குருமடங்கள் வேண்டும் என்ற 1563 திரெந்து சங்க ஆணைக்கு அரை ஸ்லைடு. கத்தோலிக்கச் சபையின் முகத்தையே மாற்றிய ஆணை அது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியிடம் வந்ததும் ஆசிரியருக்குப் பழைய தெம்பு திரும்புகிறது. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பிறகு அங்கே திருவிருந்து கொடுக்கக் குருக்கள் இல்லை. லண்டன் பிஷப்பிடம் கேட்டும் ஆள் கிடைக்கவில்லை. பிஷப்பும் மூப்பரும் ஒரே நிலைதான் என்று முடிவுக்கு வந்திருந்த ஜான் வெஸ்லி, 1784இல் தாமே கை வைத்து ஆட்களை அபிஷேகம் செய்து அனுப்பிவிட்டார். தம்பி சார்லஸுக்கு அது பிடிக்கவே இல்லை. அண்ணன் அனுப்பிய கண்காணிப்பாளர்கள் அங்கே பிஷப் என்று அழைக்கப்படத் தொடங்கியதும் அண்ணனுக்கே கோபம் வந்தது.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது பெண்களின் ஊழியத்தைக் கடைசி வகுப்பில் பின்னிணைப்பு மாதிரி வைத்ததுதான். கெங்கிரேயாச் சபையின் ஊழியக்காரி பெபேயாள் ரோமர் 16இல் இருக்கிறாள், அவளை இரண்டாம் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். கால்சிதோனின் 15ஆம் விதி, 40 வயதுக்கு முன் டீக்கனிஸாக (பெண் டீக்கன்) ஒருத்தியை நியமிக்கக்கூடாது என்கிறது. அந்த வகுப்பிலேயே சொல்லியிருக்கலாம். 1944இல் போரால் ஹாங்காங் அருகிலுள்ள மக்காவ் நகருக்குக் குரு போக முடியாதபோது, ஹாங்காங் பிஷப் புளோரன்ஸ் லீ டிம்-ஓய் அம்மையாரைக் குருவாக்கினார். போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பி, 1946இல் அவர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெஸ்லிக்கு வந்த அதே நெருக்கடி, அதே தீர்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் இதே கதிதான். 1906 அசூசா தெருக் கூட்டங்கள் என்று ஒரு படம் காட்டி முடித்துவிட்டார். 1947இல் தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றானபோது, யாருக்கும் மறு அபிஷேகம் செய்யாமல் எல்லோருடைய ஊழியத்தையும் ஏற்றுக்கொண்டு புது ஊழியர்களை மட்டும் பிஷப்பின் கையால் நியமித்தார்கள். அந்தத் துணிச்சலான ஏற்பாட்டுக்கும் இரண்டு நிமிடம்தான்.

வளர்ச்சி எது, திரிபு எது என்று பிரிக்கும் தத்துவ வகுப்பு ஒன்றும் உண்டு. 1845இல் ஆங்கில இறையியலாளர் நியூமன் முன்வைத்த ஏழு அடையாளங்களை விளக்கிவிட்டு, போப்பின் தவறாவரம் பற்றிய 1870ஆம் ஆண்டு அறிக்கையில் அவற்றைப் பொருத்திப் பாருங்கள் என்று நம்மிடம் விட்டுவிடுகிறார். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல். ஏழும் திரும்பிப் பார்க்கும்போது அழகாகப் பொருந்துகின்றன. 350களில், ஆரியுவின் போதனையை எதிர்த்த பிஷப் அத்தனாசியுவை மறுபடி நாடு கடத்தலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, எது வளர்ச்சி என்று எவருக்குத் தெரிந்திருக்கும்? அவர் மொத்தம் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். கலந்துரையாடல் பலகையில் இதைக் கேட்டேன். 'நல்ல கேள்வி' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

வினாத்தாள்கள் சுத்த மோசம். விதிகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, கால்சிதோன் எந்த ஆண்டு என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்கிறார்கள். ஆனால் இறுதிக் கட்டுரைப் பணி நன்றாக இருந்தது. உங்கள் சபையில் இன்று நடக்கும் ஒரு வழக்கத்தை எடுத்து, அது எப்படி வந்தது என்று எழுத வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தலை நான் எடுத்தேன். மேற்கில் எண்ணெய் பூசுவதைப் பிஷப் தம்மிடமே வைத்துக்கொண்டார். மறைமாவட்டம் பெரிதானது, பிஷப் வர நாளாயிற்று, ஞானஸ்நானத்திலிருந்து அது தனிச் சடங்காகப் பிரிந்துவிட்டது. கிழக்கில் பிஷப் ஆசீர்வதித்த எண்ணெயைக் குருவே பூசுகிறார், குழந்தைக்கு அன்றே எல்லாம் முடிந்துவிடுகிறது. இதைத் தேடித் தேடி எழுதினேன். திருத்தியவர் எழுத்துப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டி, மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டார். உள்ளடக்கம் பற்றி ஒரு சொல் இல்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் கமிட்டியில் இருப்பவர்களும் தாராளமாகச் சேரலாம். 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்று ஒருவர் மேசையைத் தட்டும்போது எந்த ஆதி என்று கேட்கத் தைரியம் வரும். ஏற்கெனவே இறையியல் பட்டம் வைத்திருப்பவருக்கு விதிகளை வாசிக்கும் வகுப்புகள் போதும். பின்பாதியை ஒரே மூச்சில் பார்க்காமல், வெஸ்லியை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் பெண்கள் ஊழியத்தைப் பாருங்கள். ஆசிரியர் நிதானமாகப் பேசுகிறவர், வேகத்தை 1.25இல் வைத்தால் சரியாக இருக்கும். தமிழ் வசன வரிகளை மட்டும் நம்பாதீர்கள், பிஷப்புகளின் பெயர்களைக் கொலை செய்திருக்கிறார்கள்.