டைப் ரேட்டிங் பணத்தை யார் பெயரில் கட்டுகிறீர்கள்?

விமானி உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காக வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்திருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். "விமான நிறுவனத்தில் இடம் உறுதி, டைப் ரேட்டிங் கட்டணத்தை மட்டும் கட்டிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை எந்தப் பெயரில் உள்ள கணக்கில் கட்டச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வேலை தருவது ஒரு நிறுவனம், பணம் வாங்குவது இன்னொரு நிறுவனம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தின் பணம் அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில்தான் போனது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம், விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். வானிலை, வான்வழி கணித்தல், விதிமுறைகள், தொழில்நுட்பம் என்று, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில் தேற வேண்டும். ரேடியோ உரிமம் தனி. மருத்துவத் தகுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவும் முடித்தவர் ஓட்டிப் பழகியது நான்கு பேர் அமரும் செஸ்னா போன்ற ஒரு சிறு விமானத்தை மட்டுமே. ஏர்பஸ் ஆனாலும் ஏடிஆர் ஆனாலும், பயணிகள் விமானத்தின் ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் பயிற்சி எடுத்து அதை உரிமத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். உரிமம் பெறுவதற்கே அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவழித்த குடும்பம், அதற்கு மேலும் பல லட்சங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி ஈடு கேட்கும். ஆகவே வீடோ நிலமோ ஏற்கெனவே வங்கியில் இருக்கும். உரிமம் வாங்கிய பிள்ளை வீட்டில் சும்மா இருக்க, மாதத் தவணை தொடங்கிவிடும் அந்த நேரம் பார்த்துத்தான் இடைத்தரகர்களின் தொலைபேசி அழைப்பு வருகிறது.

நான் உரிமம் வாங்கிய பிறகு எங்களுக்கு வந்த அழைப்பு, ஒரு சிறிய பிராந்திய விமான நிறுவனத்துக்கு ஆள் எடுப்பதாகச் சொன்ன ஓர் இடைநிலை நிறுவனத்திடமிருந்து. ஏடிஆர் 72 விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதன் முடிவில் துணை விமானி வேலை. சிறு நகரங்களை விமானத்தில் இணைக்கும் அரசின் உடான் திட்டத்தில் புதிய வழித்தடங்கள் கிடைத்திருக்கின்றன, விமானங்கள் வரப்போகின்றன என்றார்கள். அப்பா சிவகாசியில் அச்சகம் நடத்துபவர். நிறுவனங்களுக்கு லெட்டர்ஹெட் அச்சடித்துக் கொடுத்தே காலத்தைக் கழித்தவர். கடிதத்தைக் கையில் வாங்கியதும் அவர் கண் முதலில் தேடியது நிறுவனத்தின் பதிவு எண்ணை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு கம்பெனியின் கடிதத் தாளில் அதன் பதிவு அலுவலக முகவரியும் சிஐஎன் எனப்படும் அடையாள எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் தலைப்பில் விமான நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருந்தது. அடியில் இருந்த சிஐஎன் எண்ணோ இடைநிலை நிறுவனத்துடையது.

"சார், விமான கம்பெனி பெயரிலேயே ரசீது கிடைக்குமா?" என்று அப்பா கேட்டார்.

"ஐயா, பயிற்சியை அவர்கள் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் இதுதான் நடைமுறை. பாப்பாவின் பெயரை இந்த பேட்சில் சேர்க்க இரண்டு இடம்தான் மிச்சம் இருக்கிறது" என்று பதில் வந்தது.

அப்பா அத்துடன் விடவில்லை. விமான நிறுவனத்தின் அதிகாரி ஒருவரிடம் பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். உண்மையாகவே அந்த நிறுவனத்தில் பணிபுரிந்த அதிகாரி ஒருவர் காணொலியில் வந்து, "எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்" என்றார். இதற்கு மேல் ஒரு தகப்பன் எதைச் சரிபார்க்க முடியும்? பணம் கட்டப்பட்டது. அதன் பிறகு விமான நிறுவனத்துடன் தனியே ஐந்தாண்டு ஒப்பந்தம் போடச் சொன்னார்கள். இடையில் விலகினால் ஈடாக வைத்துக்கொள்ள, தேதி எழுதாத காசோலைகளில் கையெழுத்து வாங்கினார்கள். ஏற்பாட்டைக் கவனியுங்கள்: நாங்கள் பணம் கொடுத்த நிறுவனத்துக்கு எனக்கு வேலை தரும் கடமை இல்லை. வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் எங்களிடம் பணமே வாங்கவில்லை. ஆனால் நான் மட்டும் இருவருக்கும் கட்டுப்பட்டவள்.

சிமுலேட்டர் பயிற்சி வெளிநாட்டில் நடந்தது. நல்ல பயிற்சி, நல்ல ஆசிரியர்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் திரும்பி வந்த பிறகுதான் தொடங்கியது. என்னைப் போல் பெரிய விமானம் ஓட்டிய அனுபவம் இல்லாதவர்கள், சிமுலேட்டரில் தேறினாலும் உண்மையான விமானத்தில், பயணிகள் இல்லாமல், சில முறை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். பேஸ் டிரெய்னிங் என்பார்கள். அது முடிந்தால்தான் உரிமத்தில் ஏடிஆர் பதிவாகும். அதற்கு ஒரு விமானத்தை அன்றைய சேவையிலிருந்து விடுவித்து, எரிபொருள் நிரப்பி, பயிற்சி கேப்டனைக் கொடுக்க வேண்டும். புதிய விமானங்கள் வரவில்லை. இருந்தவற்றிலும் ஒன்று உதிரிபாகத்துக்காக ஹாங்கரில் நின்றது. ஆகவே மாதக்கணக்கில் காத்திருந்தோம். சம்பளம் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. இதற்கிடையே மருத்துவத் தகுதியின் ஓராண்டு முடிந்தது. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் கருவிப் பறத்தல் தேர்வின் காலமும் முடிந்தது. சிமுலேட்டரில் கற்றது பழசாகிவிட்டது என்பதால் மீண்டும் சிமுலேட்டர், மீண்டும் கட்டணம். யாரிடம் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். "பயிற்சி முடிந்துவிட்டது, பேஸ் டிரெய்னிங் எங்கள் பொறுப்பு இல்லை" என்றது இடைநிலை நிறுவனம். "நீங்கள் எங்களிடம் பணம் கட்டியதாகக் கணக்கில் இல்லையே" என்றது விமான நிறுவனம்.

என்னுடன் சேர்ந்தவர்களில் சிலர் அந்தக் காத்திருப்பிலேயே துறையை விட்டுப் போய்விட்டார்கள். மிக நன்றாகப் பறக்கக்கூடிய ஒரு பெண், இன்று வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகக் கோபம் வருகிறது.

எனக்கு ஒருவழியாகப் பறக்கக் கிடைத்தது. அந்த நாட்களின் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை. விடிவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பேன். புரொபெல்லரின் ஆறு இறக்கைகளிலும் பனி ஈரம் இருக்கும். பெரிய ஜெட் விமானங்கள் மேகத்துக்கு மேலே போய்விடுகின்றன. ஏடிஆர் அந்த உயரத்துக்குப் போவதில்லை. சித்திரை வைகாசி மாலைகளில் இடிமேகங்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துத்தான் போக வேண்டும். ரேடாரில் சிவப்பாகத் தெரிவதைப் பத்து மைல், இருபது மைல் விலக்கிக்கொண்டு போய்ச் சிறிய ஓடுபாதையில் சரியான இடத்தில் சக்கரம் தொடும்போது கேப்டன் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார். அதற்காக எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் உழைக்கலாம் என்று தோன்றும். அம்மாவும் சித்தியும் ஒரு முறை என் விமானத்தில் வந்தார்கள். அறிவிப்பில் என் பெயர் வந்ததும் அம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம், "எங்கள் பிள்ளை" என்று சொன்னாராம். இறங்கும்போது அந்தப் பெரியவர் விமானி அறை வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பெருமைதான் விமான நிறுவனத்தின் முதலீடு. சம்பளம் முதலில் தாமதமானது. பிறகு பாதி வந்தது. பறக்கும் படியைக் குறைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். கேள்வி கேட்டால், "பறக்கும் வாய்ப்புக்காக வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் தெரியுமா?" என்றார்கள். தவணைக்குப் பணம் இல்லாத கவலையோடு ஒருவர் எழுபது உயிர்களைச் சுமந்துகொண்டு தரையிறங்க வேண்டியிருப்பது வெறும் சம்பளப் பிரச்சினை இல்லை. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் சொன்னேன். பதில் இல்லை.

என்னுடன் பறந்த மூத்த கேப்டன் ஒருவர் ஜெட் ஏர்வேஸிலிருந்து வந்தவர். 2019 ஜனவரியிலிருந்தே அங்கு விமானிகளுக்குச் சம்பளம் வரவில்லை. ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்ததே கடைசி விமானம். கலைப்பு உத்தரவு உச்ச நீதிமன்றத்திலிருந்து 2024 நவம்பரில்தான் வந்தது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் நின்றுபோயின. இவை எல்லாம் நாடறிந்த பெரிய பெயர்கள். ஒரு விமான நிறுவனம் தடுமாறும்போது சம்பளம்தான் முதலில் நிற்கிறது, விமானங்கள் கடைசியில்தான் நிற்கின்றன என்பதை அந்தக் கேப்டன் எனக்குச் சொன்னார். "அம்மா, இரண்டாவது மாதச் சம்பளம் தவறினால் மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருக்காதே" என்றார்.

விலகல் கடிதம் கொடுத்தேன். 2017ஆம் ஆண்டு டிஜிசிஏ விதிப்படி கேப்டன்களுக்கு ஓராண்டும் துணை விமானிகளுக்கு ஆறு மாதமும் நோட்டீஸ் காலம். நிறுவனம் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று கொடுக்காமல் வேறு இடத்தில் சேர முடியாது. ஆனால் அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை: நோட்டீஸ் காலத்தில் நிறுவனம் சம்பளத்தைக் குறைத்தாலோ, பணி நிபந்தனைகளை விமானிக்குப் பாதகமாக மாற்றினாலோ, காலம் முடியும் முன்பே விடுவிக்கும்படி விமானி கேட்கலாம். அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினேன். அவர்கள் பதில் எழுதவில்லை. என் காசோலையில் தேதி போட்டு வங்கியில் செலுத்தினார்கள். காசோலை பணமில்லாமல் திரும்பியதும், அதற்கான செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்கறிஞர் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. வெற்றுக் காசோலைதானே என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் செல்லும் என்பது உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்ன தீர்ப்பு. பணி ஒப்பந்தங்களும் அப்படித்தான். குறிப்பிட்ட காலம் பணியாற்றாமல் விலகினால் இழப்பீடு தர வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்குப் போடலாம் என்பதால் மதுரைக்கு ஓடி ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். சம்பளப் பாக்கியின் கணக்கை அவர் ஆண்டு மாதத்தோடு எழுதி அனுப்பிய பிறகுதான் அந்தப் பக்கத்தில் சத்தம் அடங்கியது. என்ஓசி வந்தது. சம்பளப் பாக்கி இன்னும் வரவில்லை.

பணம் கட்டும் நிலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்திலேயே இருக்கிறது. உங்களிடம் பணம் கேட்பவரின் பெயர் அதில் உள்ளதா என்று பாருங்கள். ரசீதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பறத்தல் பயிற்சி நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்கு வரி இல்லை என்று 2024இல் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. எங்கள் ரசீதில் வரி இருந்தது, ஏனென்றால் பணம் வாங்கியவர் பயிற்சி நிறுவனமே இல்லை. ஒப்பந்தத்தில் "பேஸ் டிரெய்னிங்" என்ற சொல் இருக்கிறதா, அதை யார், எந்தத் தேதிக்குள், யார் செலவில் முடித்துத் தருவார்கள், தவறினால் எவ்வளவு திரும்பி வரும் என்று பாருங்கள். "நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து" என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கடிதத்தால் பயனில்லை. குறிப்பிட்ட காலம் விலகாமல் பணியாற்றுவதாக பாண்ட் கேட்டால் அதன் காலம் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்லாமல், சம்பளம் தொடங்கும் நாளிலிருந்து ஓடும்படியும், சம்பளம் நின்றால் முறியும்படியும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது விளங்கிவிடும். தேதியில்லாத காசோலையை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள்.

இடைநிலை நிறுவனத்தின் மீது எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையம் 2020இல் அளித்த தீர்ப்பை அவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அதே தீர்ப்பு கோச்சிங் மையங்களுக்கு அந்த விலக்கைத் தரவில்லை என்றும், இவர்கள் பாடமே நடத்தாத தரகர்கள் என்றும் எங்கள் தரப்பு சொல்லியிருக்கிறது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. நான் இப்போது வேறொரு நிறுவனத்தில் பறக்கிறேன். வழக்கு நாட்களில் அப்பா போய் உட்காருகிறார்.

இதே மாதிரிப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். "அடுத்த மாதம் விமானம் வந்துவிடும்" என்று அவர்கள் தள்ளிப்போடுவதில் அந்தக் கெடுவும் கரைந்துகொண்டிருக்கிறது. தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.