பதினோரு ஆண்டுகள், ஆறு வாசல்கள்: மெசூசாச் சுருள் வாங்கிய அனுபவம்

யூதர்கள் வீட்டு வாசல் நிலையில் பதிக்கும் மறைநூல் சுருளான மெசூசாவை வாங்கப் போனால் முதலில் கண்ணைப் பறிப்பது உறைதான். பீங்கான், வெள்ளி, ஆலிவ் மரம் என்று கடை முழுக்க அதுதான் மின்னும். உள்ளே இருக்கும் சுருளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. 11 ஆண்டுகளுக்கு முன், மதம் மாறி மணந்து ஜெருசலேமில் குடியேறிய புதிதில், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு கடையில் ஆறு வாசல்களுக்கும் ஒரேயடியாக வாங்கினேன். உறை ஒன்றுக்கு 180 ஷெக்கல், சுருளுக்கு 60. இந்தக் கணக்கு தலைகீழ் என்று சொல்ல அன்று பக்கத்தில் யாரும் இல்லை.

மெசூசா என்ற எபிரேயச் சொல்லுக்கு நிலைக்கால் என்றுதான் பொருள். பிறகு அங்கே பதிக்கும் சுருளுக்கே பெயராகிவிட்டது. அதில் இருப்பது விவிலியத்தின் உபாகமம் நூலின் ஆறாம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதி, பதினொன்றாம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதி. மொத்தம் 713 எழுத்துகள், 22 வரிகள். கோஷர் விலங்கின், அதாவது யூத விதிப்படி உண்ணத் தகுந்த விலங்கின், பதப்படுத்திய தோலில், சோஃபெர் எனப்படும் எழுத்தர் இறகாலோ நாணலாலோ கைப்பட எழுதியிருக்க வேண்டும். அச்சடித்தது செல்லாது. ஓர் எழுத்து குறைந்தாலும் செல்லாது.

வீட்டு மெசூசாவை ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்பது விதி. மூன்றரை ஆண்டு கழித்து மாமியார் நினைவுபடுத்திய பிறகுதான் ஆறையும் கழற்றி, கெயுலா பகுதியில் சுருள்களைச் சோதித்துத் தரும் ஒரு முதியவரிடம் எடுத்துப் போனேன். முதல் சுருளைப் பிரிக்கும்போதே விரலால் தடவிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். "இது தோலே இல்லை அம்மா, தாள்." அதாவது, மூன்றரை ஆண்டுகளாக எங்கள் படுக்கையறை வாசலில் இருந்தது ஒரு நகல். அடுத்த இரண்டில் தோலின் மேல் பூசியிருந்த வெள்ளைச் சுண்ணம் செதில் செதிலாக உதிர்ந்து, எழுத்துகளின் கால்களையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. மற்றொன்றில் இரண்டு எழுத்துகள் ஒட்டியிருந்தன. மெல்லிய கத்தியால் சுரண்டிப் பிரித்தார், அது பிழைத்தது. இன்னொன்று பழுதில்லாமல் இருந்தது.

ஆறாவதுதான் எனக்கு மறக்கவில்லை. முதல் வரியில் 'எஹாத்', அதாவது 'ஒருவர்' என்ற சொல். அதன் கடைசி எழுத்து தாலெத். அதன் வலது மேல் மூலை கூராக இருக்க வேண்டும். மழுங்கினால் ரேஷ் என்ற வேறு எழுத்தாகிவிடும், சொல்லும் 'அஹேர்' என்றாகிவிடும். 'ஆண்டவர் ஒருவரே' என்பது 'ஆண்டவர் வேறொருவர்' என்று மாறிவிடும். மூலை கூரா மழுங்கலா என்று பெரியவருக்கே ஐயம். உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டார். ஆறு வயதிருக்கும். எழுத்து தெரிய வேண்டும், ஆனால் பொருளை வைத்து ஊகிக்கும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இருக்கக் கூடாது. ஐயம் வந்தால் அப்படி ஒரு பிள்ளையிடம் காட்டுவதே மரபு. பையன் எட்டிப் பார்த்து "ரேஷ்" என்றான். ஓடிப் போய்விட்டான். அதோடு அந்தச் சுருளின் கதை முடிந்தது.

பனையோலையில் புள்ளியே வைக்காமல் எழுதி, படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிட்ட மரபில் வந்தவள் நான். ஒரு மூலைக்காக முழுச் சுருளும் போவதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று. திருத்தித் தரக் கூடாதா என்று கேட்டேன். முடியாதாம். யூத மறைநூலான தோராவின் ஏட்டில் பிழையைப் பின்னர் திருத்தலாம். மெசூசாவில் எழுத்துகள் வரிசைப்படியே எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னால் போய் ஒன்றைச் சரிசெய்ய வேண்டுமானால் அதன் பின் வந்த எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். இடையில் இறைவனின் பெயர்கள் வருகின்றன. அவற்றை அழிக்கக் கூடாது.

இந்த விதியை யோசித்தபோதுதான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது எனக்கு விளங்கியது. ஒரு சோஃபெர் ஓர் எழுத்தில் விட்டுப்போன சிறு நுனியைப் பிற்பாடு யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிட்டால், எந்த உருப்பெருக்கியும் அதைக் காட்டிக்கொடுக்காது. இறைப்பெயரை அதற்குரிய எண்ணத்தோடு எழுதினாரா என்பதும் தோலில் தெரியாது. முத்து முத்தாக இருக்கும் சுருள்கூடச் செல்லாததாக இருக்கலாம். ஆகவே எழுத்தழகைவிட எழுதியவரைப் பற்றி விசாரிப்பதுதான் முக்கியம். "யார் எழுதியது?" என்று கேட்டால் மழுப்பும் கடையில் நான் இப்போது நிற்பதே இல்லை.

இரண்டாம் முறை வாங்க அந்தப் பெரியவர் கைகாட்டிய சோஃபெரிடமே போனேன். கணவர் வீட்டார் அஷ்கெனாசிகள், அதாவது ஐரோப்பிய யூத மரபினர், என்பதால் அவர்கள் பின்பற்றும் பெத் யோசெஃப் எழுத்துமுறை. சுண்ணம் பூசாத தோல். தலைவாசலுக்கு 12 செ.மீ., உள்ளறைகளுக்கு 10 செ.மீ. 6 செ.மீ. சுருள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தச் சிறிய இடத்தில் 22 வரிகளை நெருக்கினால் எழுத்துக்கு மூச்சுவிட இடமிருக்காது. எழுத்து விடுபட்டதா, கூடியதா என்று கணினியில் ஒரு சோதனை. பிறகு மனிதக் கண்ணால் ஒன்று. இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. சுருட்டுவதற்கு முன் விரித்துக் காட்டினார். சுருள் ஒன்றுக்குச் சராசரி 350 ஷெக்கல் ஆனது. உறைக்கு 25, வெறும் பிளாஸ்டிக்.

அதன் பிறகு ஏழரை ஆண்டுகள். உள்ளறைச் சுருள்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கின்றன. தொல்லை கொடுத்தது மேற்கு பார்த்த தலைவாசல்தான். முதல் கோடையிலேயே ஒட்டுநாடா இளகி உறை கீழே விழுந்தது. மேலும் கீழும் திருகாணி போட்ட பிறகு அசையவில்லை. மழைக்காலத்தில் உறைக் குழாய்க்குள் நீர் கோத்திருப்பதைக் கண்டு, மேல்மூடியைச் சிலிகான் வைத்து அடைத்தேன். வெயிலில் பிளாஸ்டிக் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுருளை முதலில் தாளில் சுற்றி, பிறகே குழாயில் இடுகிறோம். பெரிய சுருளைச் சிறிய உறையில் திணிக்காதீர்கள். ஓரம் மடியும், மடிந்த இடத்தில் மை விரியும்.

இப்போதைய சுருள்களுக்கு இதுவரை இரண்டு சோதனைகள். முதலாவதில் ஆறும் தேறின. எபிரேய நாட்காட்டியின் சென்ற எலூல் மாதம் நடந்த இரண்டாவதில் தலைவாசல் சுருளில் லாமெத் என்ற எழுத்து ஒன்றின் கழுத்தில் மை வெளிறியிருந்தது. வடிவம் கெடவில்லை என்பதால் அதன் மேலேயே மை ஏற்ற அனுமதி உண்டு. பெரியவர் இறகை எடுத்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் முடித்தார். 40 ஷெக்கல். பேரன் இப்போது அவரைவிட உயரம். அருகில் நின்று, கேட்காமலே "லாமெத்" என்றான். "உன்னை இனிக் கேட்க முடியாது, நீ ரொம்பப் படித்துவிட்டாய்" என்றார் தாத்தா.