புக்மார்க்கா, சேவ் பட்டனா, ஸ்கிரீன்ஷாட்டா: ஊர்ப்பேச்சை எதுல பத்திரப்படுத்தறது?

ஊர் சுத்தறது, சாப்பாடு, பழைய மெட்ராஸ் கதை, இதெல்லாம் பத்தி நெட்ல நடக்குற பேச்சுல மேல இருக்குற கேள்வி பெரும்பாலும் ரெண்டு வரிதான், சரக்கெல்லாம் கீழ வர்ற பதில்லதான் இருக்கும். "ஃபேமிலியோட ராமேஸ்வரம் போறோம், எப்படி பிளான் பண்றது"ன்னு ஒருத்தர் கேட்டிருப்பார், ஏகப்பட்ட பேர் வழக்கமான பதிலைப் போட்டிருப்பாங்க, நடுவுல யாரோ ஒரு புண்ணியவான் எந்த ட்ரெயின் வசதி, வயசானவங்க கூட இருந்தா 22 தீர்த்தத்துலயும் குளிச்சு முடிக்க எவ்வளவு நேரம் ஒதுக்கணும், ஈரத்துணியை எங்க மாத்திக்கலாம்ங்கிற வரைக்கும் எழுதி வச்சிருப்பார். நமக்கு வேணும்கிறது அந்த ஒரு பதில், நாம சேமிக்கிறது என்னமோ முழு பேஜோட லிங்க்கை. அதனால எந்த ஆப் பாக்க அழகா இருக்கு, எதுல டார்க் மோடு இருக்குங்கிற கணக்கையெல்லாம் விட்டுடுவோம், எந்த மாதிரிப் பேச்சை எதுல போட்டா திரும்பக் கைக்குக் கிடைக்கும்னு மட்டும் பாப்போம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்தப் பேச்சுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு காலாவதி ஆகுற சமாச்சாரம். 2023 டிசம்பர் 30 கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைத் திறந்தாங்க, அப்புறம் தென் மாவட்ட பஸ்ஸெல்லாம் அங்க போயிடுச்சு, அதுக்கு முன்னாடி எழுதின "கோயம்பேடு போய் மதுரை பஸ் பிடிச்சுக்கோங்க"ங்கிற பதிலை நம்பி இன்னிக்குக் கிளம்பினா பெட்டியைத் தூக்கிட்டு அலையணும். பாம்பன் பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ட்ரெயினை நிறுத்தினாங்க, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6, நடுவுல எழுதின பதிலெல்லாம் "ட்ரெயின் மண்டபம் வரைக்கும்தான், அங்கேர்ந்து ரோட்டுல போகணும்"னுதான் இருக்கும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7லேர்ந்து இ-பாஸ், அதுக்கு முந்தின ட்ரிப் பிளான் எதுலயும் அந்தப் பேச்சே இருக்காது. இந்த வகைக்கு உயிரோட இருக்குற லிங்க்தான் சரி, ஏன்னா கீழ யாராவது வந்து "இப்போ மாறிடுச்சு பாஸ்"னு போட்டிருப்பாங்க, நாம எடுத்து வச்ச காப்பில அது வராது.

இன்னொண்ணு நினைவு. கதீட்ரல் ரோட்டுல இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962லேர்ந்து 2008 வரைக்கும் ஓடுச்சு, இப்ப அந்த இடத்துல செம்மொழிப் பூங்கா. அந்த ஓட்டலைப் பத்தி ஒருத்தர் பேச்செடுத்தா போதும், கார் ஜன்னல்ல தட்டை மாட்டி டிபன் வச்ச கதை, பட்டூரா சைஸு, ஒரு காபியை வச்சுக்கிட்டு மத்தியானம் பூரா உக்காந்திருந்த மெடிக்கல் ரெப்புங்க, மரத்தடி நிழல்ல பரீட்சைக்குப் படிச்சவங்கன்னு வந்து கொட்டுவாங்க. இதுக்குக் காலாவதியே கிடையாது. ஆனா எழுதினவர் அக்கவுண்ட்டை மூடிட்டுப் போயிட்டா சேர்ந்து போயிடும், திரும்ப எழுத அவரைத் தேடவும் முடியாது. இதுக்கு லிங்க் பத்தாது, காப்பி வேணும்.

இதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா வருவோம்.

பிரௌசர் புக்மார்க்கை எல்லாரும் கிழவிக் காலத்து விஷயம்னு ஒதுக்கறாங்க, எனக்கு அது மேல இன்னும் மரியாதை உண்டு. காசு இல்லை, கம்பெனி மூடிடுமோங்கிற பயம் இல்லை, மொத்தத்தையும் ஒரே ஃபைலா வெளிய எடுத்து இன்னொரு பிரௌசர்ல போட்டுக்கலாம். பிரச்சனை என்னன்னா முக்கால்வாசிப் பேர் நட்சத்திரத்தைத் தட்டிட்டு அப்படியே போயிடுவாங்க, பேர் மாத்த மாட்டாங்க, அப்புறம் லிஸ்ட்ல "ஹெல்ப் ப்ளீஸ்"னு ஒண்ணு, "வீக்கெண்ட் பிளான்"னு எட்டு, எது எதுன்னு யாருக்குத் தெரியும். சேமிக்கும்போதே "கும்பகோணம் ஒரு நாள், கார் இல்லாம"ன்னு தமிழ்ல பேர் மாத்தி வச்சா அது வேற லெவல்ல வேலை செய்யும். க்ரோம்ல அட்ரஸ் பார்ல @ போட்டு புக்மார்க்ஸ்னு இங்கிலீஷ்ல அடிச்சு டேப் தட்டினா அதுக்குள்ள மட்டும் தேடும், ஃபயர்பாக்ஸ்ல ஒரு நட்சத்திரக் குறி போட்டுட்டுத் தேடினா போதும். டேக் போடற வசதி ஃபயர்பாக்ஸ்ல உண்டு, க்ரோம்ல கிடையாது, ஊர் பேர், சாப்பாடு, கோயில்னு ஒரே லிங்க்குக்கு மூணு டேக் போடணும்னு ஆசைப்படறவங்க அங்க போயிடலாம். அந்த ஒரு பதிலுக்கே நேரா போகணும்னா க்ரோம்ல அந்த வரியை செலக்ட் பண்ணி ரைட் கிளிக் பண்ணுங்க, ஹைலைட்டுக்கு லிங்க் எடுக்கற ஆப்ஷன் வரும், அதைத் திறந்தா நேரா அந்த வரில போய் நிக்கும். இது பல பேருக்குத் தெரியாது, இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

ஆப்புக்குள்ளயே இருக்குற சேவ் பட்டன் எல்லாத்துலயும் சுலபம், அதான் அதோட வில்லங்கமும். ஒரு தட்டு, முடிஞ்சது, அப்புறம் அது ஒரு பெரிய குவியலா ஏறிக்கிட்டே போகும். ரெட்டிட்ங்கிற கேள்வி-பதில் பேச்சு சைட்டுல சேவ் பண்ணினதுல கடைசி 1000 தான் லிஸ்ட்ல காட்டும், அதுக்கு முந்தினது இருக்கும் ஆனா உங்க கண்ணுக்குப் படாது. எக்ஸ்ல, அதாவது பழைய ட்விட்டர்ல, புக்மார்க்கை ஃபோல்டர் பிரிக்கணும்னா காசு கட்டணும். ஃபேஸ்புக் இந்த விஷயத்துல பரவாயில்லை, கலெக்ஷன்னு பிரிச்சு வச்சுக்கலாம், ஆனா குரூப்ல அட்மின் பதிவைத் தூக்கினாலோ நீங்க குரூப்பை விட்டு வெளிய வந்தாலோ சேவ் பண்ணினது வெறும் கூடுதான். 2023 ஜூன்ல, வெளி ஆப்புங்க தன்னோட சரக்கை எடுக்கற வழியான ஏபிஐக்கு ரெட்டிட் விலை வச்சப்போ பெரிய ரகளை நடந்துச்சே, அப்ப கோவத்துல நிறைய பேர் தங்களோட பழைய பதில் எல்லாத்தையும் ஸ்கிரிப்ட் போட்டு அழிச்சுட்டுப் போனாங்க. கேள்வி அப்படியே நிக்கும், பதில் இருந்த இடத்துல சம்பந்தமே இல்லாத ஒரு வரி, கீழ நாலு பேர் "சூப்பர் இன்ஃபோ, தேங்க்ஸ் ப்ரோ"ன்னு நன்றி மட்டும் சொல்லிட்டுப் போயிருப்பாங்க. என்ன இன்ஃபோன்னு அந்த நன்றியைப் பாத்துத்தான் ஊகிக்கணும்.

சேமிக்கறதுக்குன்னே இருக்குற சர்வீஸ்ங்க அடுத்தது. இதுல வரலாறு கொஞ்சம் சோகம். டெலிஷியஸ்னு ஒண்ணு 2003ல வந்துச்சு, புக்மார்க்கை ஊரறியப் பகிர்றதைப் பழக்கினதே அதுதான், 2005ல யாஹூ வாங்கி அதுக்கப்புறம் கை மாறி கை மாறி 2017ல பின்போர்டுங்கிற இன்னொரு புக்மார்க் சர்வீஸ்கிட்ட வந்து முடிஞ்சது. பாக்கெட் 2007ல ரீட் இட் லேட்டர்ங்கிற பேர்ல ஆரம்பிச்சது, 2017ல மொசில்லா வாங்கினாங்க, 2025 ஜூலை 8ல மூடிட்டாங்க. ஓம்னிவோர்னு ஒண்ணைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க, அது 2024 நவம்பர்ல போச்சு. இப்ப மிச்சம் இருக்குறதுல ரெயின்ட்ராப் எனக்குப் பிடிச்சிருக்கு, ஓசிலயே எத்தனை லிங்க் வேணும்னாலும் போடலாம், டேக் உண்டு, ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒண்ணா ஓடும், எப்ப வேணும்னாலும் ஃபைலா எடுத்துட்டு ஓடிடலாம். பேஜோட உள்ளடக்கத்துக்குள்ள தேடறது, பேஜ் அழிஞ்சாலும் காப்பி இருக்கறது, இந்த ரெண்டும் காசு கட்டறவங்களுக்குத்தான். இன்ஸ்டாபேப்பரும் 2008லேர்ந்து ஓடுது, அது தனியா ஒருத்தர் நீளமா எழுதின கட்டுரை படிக்க நல்லா இருக்கும், பத்துப் பேர் பேசுற பேச்சுக்குச் சரியா வராது, பதிலையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு மேல இருக்குறதை மட்டும் வச்சுக்கும். வேணும்கிறதே பதில்தான்னா அப்புறம் எதுக்கு அது.

நம்ம ஊர்ல நிஜமா ஜனங்க பண்றது இது எதுவுமே இல்லை, வாட்ஸ்அப்தான். தனக்குத்தானே மெசேஜ் அனுப்பிக்கற வசதி 2022 நவம்பர்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் சேர்ந்து குரூப் ஆரம்பிச்சு இன்னொருத்தரை வெளிய தள்ளிட்டு அதை டைரியா வச்சுக்கிட்டவங்க நம்மாளுங்க. சீக்கிரம், பழக்கமான இடம், வீட்டுல யாருக்காவது ஃபார்வர்டு பண்ணணும்னாலும் கையிலேயே இருக்கு. ஆனா பால் கணக்கு, கரெண்ட் பில் ரசீது, ஓடிபி ஸ்கிரீன்ஷாட் எல்லாத்துக்கும் நடுவுல செட்டிநாட்டு வீடுகளைப் பத்தின அருமையான பேச்சு ஒண்ணு புதைஞ்சு கிடக்கும். இதுக்கு டெலிகிராமோட சேவ்டு மெசேஜஸ் ஒரு படி மேல, லிங்க்குக்குக் கீழ ஒரு ஹேஷ்டேக் போட்டுட்டா அதைத் தட்டினதும் அந்த ஊர் சம்பந்தப்பட்டது மட்டும் வரிசையா வரும். ட்ரிப்ல இருக்கும்போது கையில எடுக்க இதை விட வேகமானது வேற இல்லைன்னு சொல்லுவேன்.

ஸ்கிரீன்ஷாட்டைத் திட்டறவங்க நிறைய, நான் அந்தக் கட்சி இல்லை. பதில் ஒரே ஒரு ஸ்கிரீன்ல அடங்குதுன்னா, அதுவும் சிக்னல் இல்லாத மலைப்பாதையில வேணும்னா, அதை அடிச்சுக்க ஆளில்லை. கூகுள் ஃபோட்டோஸ் படத்துல இருக்குற எழுத்தையும் தேடிக் கொடுக்கும். குறை என்னன்னா எங்கேர்ந்து எடுத்தது, எந்த வருஷம் எழுதினதுன்னு அதுல இருக்காது, "ஆட்டோவுக்கு இவ்வளவுதான் குடுக்கணும்"னு ஒரு வரி மட்டும் மிதந்துக்கிட்டிருக்கும், அது போன மாசத்து ரேட்டா அஞ்சு வருஷத்துக்கு முந்தினதான்னு தெரியாம டிரைவர்கிட்ட வாதாடினா அவர் சிரிப்பார். தேதி தெரியற மாதிரி கொஞ்சம் மேல சேர்த்து எடுங்க, அவ்வளவுதான். ஆமா, மூடின குரூப்ல எழுதினதை வெளிய அனுப்பும்போது எழுதினவங்க பேரையும் முகத்தையும் வெட்டிட்டு அனுப்பறது மரியாதை.

முழு காப்பி எடுக்கறதுக்கு வருவோம், நினைவு வகைப் பேச்சுக்கு என்னோட ஓட்டு இதுக்குத்தான். ப்யூ ஆராய்ச்சி மையம் 2024ல வெளியிட்ட ஆய்வுல, 2013ல இருந்த வெப் பேஜ்கள்ல 38 சதவீதம் பத்து வருஷத்துல காணாமப் போச்சுன்னு சொன்னாங்க. தமிழ்ல நமக்கு இது நேராவே நடந்துச்சு, மரத்தடி, அகத்தியர், ராயர் காப்பி கிளப்னு பிளாக் காலத்துக்கு முன்னாடியே யாஹூ குழுமங்கள்ல இலக்கியமும் ஊர்வம்பும் பேசித் தீர்த்தாங்க, யாஹூ 2020 டிசம்பர் 15ல குழும சேவையையே இழுத்து மூடிடுச்சு. யார் மெயில்பாக்ஸ்ல மிச்சம் இருந்துச்சோ அவங்ககிட்ட மட்டும் இருக்கு.

எப்படி எடுக்கறதுன்னா, கம்ப்யூட்டர்ல சிங்கிள்ஃபைல்னு ஒரு எக்ஸ்டென்ஷன், க்ரோம், ஃபயர்பாக்ஸ் ரெண்டுலயும் உண்டு, படத்தோட சேர்த்து முழு பேஜையும் ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலா இறக்கிக் குடுத்துடும், நெட் இல்லாமலே திறக்கலாம், தமிழ் எழுத்து உடையாது, உள்ள தேடலாம். ஒரே ஒரு விஷயம், "மேலும் பதில்கள்"னு மடிச்சு வச்சிருக்குறதையெல்லாம் முதல்ல தட்டித் திறந்துட்டு அப்புறம் சேவ் பண்ணணும், இல்லைன்னா முக்கியமான பதில் அந்த மடிப்புக்குள்ளயே மாட்டிக்கிட்டு வராமப் போயிடும். ஃபோன்ல இருக்குறவங்க ஷேர்ல போய் பிரிண்ட் குடுத்து பிடிஎஃப்பா இறக்கிக்கலாம், பேஜ் கன்னாபின்னான்னு உடையும், ஆனா எழுத்து இருக்கும்.

இன்டர்நெட் ஆர்கைவ்ங்கிற அமைப்பு நடத்துற வேபேக் மெஷின் இதுக்குப் பொது ஜனப் பதிப்பு, லிங்க்கைக் குடுத்தா அவங்க காப்பி எடுத்து வச்சுக்குவாங்க, உங்களுக்கு மட்டும் இல்லாம எல்லாருக்கும் கிடைக்கும், அந்த நல்ல மனசுக்காகவே பயன்படுத்தலாம். ஆனா இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. லாகின் கேக்குற ஃபேஸ்புக் குரூப்புக்குள்ள அது போகாது, ரெட்டிட் 2025 ஆகஸ்ட்ல முகப்புப் பக்கத்தைத் தவிர மத்ததை அவங்களுக்கு மூடறோம்னு அறிவிச்சுட்டாங்க, 2024 அக்டோபர்ல சைபர் தாக்குதல்ல அந்த சைட்டே சில நாள் படுத்துக்கிச்சு. பொதுவில் இருக்குற பழைய ஃபோரம் பேச்சு, தனியார் சைட்டு கட்டுரைக்குக் கீழ ஓடுற பேச்சு, இதுக்கெல்லாம் அருமையா வேலை செய்யும்.

ஆக எதை எடுக்கறதுன்னு கேட்டா, அடுத்த மாசம் கிளம்பற ட்ரிப்புன்னா டெலிகிராம்ல ஹேஷ்டேக்கோட லிங்க் போடுங்க, கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒவ்வொண்ணையும் திறந்து கடைசிப் பதில் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, சிக்னல் இல்லாத இடத்துக்கு வேணும்கிறதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க. என்னிக்காவது போகலாம்னு ஆசைப்படற ஊருன்னா பேர் மாத்தின பிரௌசர் புக்மார்க் இல்லைன்னா ரெயின்ட்ராப், ரெண்டுல எது கைக்கு வாகோ அது. மூடின தியேட்டர், இல்லாத ஓட்டல், பாட்டி காலத்துத் தேர்த்திருவிழா பத்தின பேச்சுன்னா யோசிக்காம அன்னிக்கே சிங்கிள்ஃபைல், ஃபைல் பேர்ல முதல்ல வருஷம், அப்புறம் ஊர், அப்புறம் விஷயம், "2019 மயிலாப்பூர் அறுபத்துமூவர் பழைய நினைவு"ங்கிற மாதிரி. வருஷத்தை முன்னாடி வச்சா ஃபோல்டரே தானா வரிசையா அடுக்கிக்கும். கூடவே பென் டிரைவ்லயோ கூகுள் டிரைவ்லயோ இன்னொரு காப்பி போட்டு வைங்க, ஒரே லேப்டாப்ல மட்டும் வச்சிருந்தா அதுவும் சேவ் பட்டன் கதைதான்.