பெரம்பூர் ரயில் அருங்காட்சியகம்: கூட்டத்தில் ஒட்டாத பிள்ளையோடு ஒரு நாள்

ஊஞ்சல், சறுக்குமரம் என்று தேடுபவர்களுக்கு இந்த இடம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்செடுத்தாலே ரயில் என்று இருக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பாதி நாளை ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

என் மகன் நாலாம் வகுப்பு. வகுப்பில் எல்லோரும் ஐ.பி.எல். பேசினால் இவன் எல்.எச்.பி. என்கிற புது வகை ரயில் பெட்டியைப் பற்றிப் பேசுவான். "கூட்ஸ் வண்டி வருதுடா" என்று சொல்லிவிட்டுப் பையன்கள் நகர்ந்துவிடுகிறார்கள். பள்ளியில் கேட்டால், "மத்த பசங்களோட பழக விடுங்க சார்" என்றார்கள். பாலும் டிகாஷனுமா, நான் ஊற்றிக் கலந்துவிட?

சரி, அருங்காட்சியகத்துக்கு வருவோம். 2002இல் திறந்தது, ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1955இல் சுவிஸ் கூட்டுறவோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில்தான் 2018இல் முதல் வந்தே பாரத் தயாரானது. இதையெல்லாம் டிக்கெட் கவுன்டர் வருவதற்குள் மகனே எனக்குச் சொல்லி முடித்துவிட்டான். பழைய நீராவி எஞ்சின்கள், பெட்டிகள் எல்லாம் மரநிழலில் திறந்தவெளியில் நிற்கின்றன. அருகில் போய்ச் சக்கரம், பெட்டிகள் இடிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் பஃபர், கொக்கி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இவன் முதல் பெட்டியின் அடியிலேயே குந்திவிட்டான்.

பேத்தியோடு வந்திருந்த ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இவனைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, இந்தத் திருகு கொக்கி எல்.எச்.பி.ல ஏன் இல்ல?"

"அதுல சென்டர் பஃபர் கப்ளர் தாத்தா. மோதினாலும் ஒரு பெட்டி மேல இன்னொண்ணு ஏறாம இருக்க."

"பிரேக்?"

"டிஸ்க் பிரேக்."

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புதிது. இவன் அவரிடம் கேள்வி கேட்டான். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்டான். "உங்க பையன் அடுத்தவங்க பேச்சையே கேட்கிறதில்லை" என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சொல்கிறவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் நன்றாகவே கேட்கிறான்.

பேத்திக்குப் பொறுமை போய், தாத்தாவைப் பொம்மை ரயில் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இவனையும் கூப்பிட்டாள். "அது நிஜ ரயில் இல்ல" என்று சொல்லிவிட்டான்! நண்பர் பிடிக்கும் விஷயத்தில் இன்னும் நிறைய தூரம் போக வேண்டும்.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் இருக்கும். தொப்பியும் தண்ணீரும் அவசியம், வெயிலில் இரும்பு கொதிக்கும். முதல் தடவையே வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப் போக வேண்டாம், அங்கேயும் இவன் பேச்சை யாராவது பாதியில் வெட்டுவார்கள். "போதும், வா" என்று நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். ஒரே பெட்டியை மூன்று முறை பார்க்க வேண்டும் என்றால் பார்க்கட்டும்.